கெளுத்திக்கு டப்பா இரை வாங்கலாமா?

கேள்வி: பவானியில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஆனால் காவிரிக்கரையில் தூண்டிலோடு உட்கார்ந்துவிடுவேன். கெண்டையும் ஜிலேபியும் மைதா மாவுக்கே வந்துவிடுகின்றன, கெளுத்திதான் மாட்ட மாட்டேன் என்கிறது. ஆன்லைனில் 'கேட்ஃபிஷ் பெய்ட்' என்று ஒரு அமெரிக்க டப்பா, 1,150 ரூபாய் போட்டிருக்கிறார்கள். நட்சத்திரம் அள்ளிக் குவிந்திருக்கிறது. வாங்கலாமா, இல்லை நம்ம ஊர்ச் சாமானே போதுமா?

பதில்: வேண்டாம். டப்பா மோசம் என்று சொல்ல வரவில்லை, அது நம் மீனை நினைத்துச் செய்ததில்லை, அவ்வளவுதான். அந்த மாதிரி நாற்றச் சாந்து பெரும்பாலும் அழுகின சீஸில் செய்வது, அமெரிக்காவில் சேனல் கேட்ஃபிஷ் என்கிற ஒரு வகைக்குத்தான் நன்றாக வேலை செய்யும். அங்கேயே நீல கேட்ஃபிஷ் பிடிப்பவர்கள் மீனை வெட்டித் துண்டு போடுகிறார்கள், ஃபிளாட்ஹெட் என்ற பெரிய வகைக்கு உயிர்மீன்தான் கோக்கிறார்கள். சொந்த ஊரிலேயே மூன்றில் ஒன்றுக்குத்தான் செல்லுபடி ஆகிற சரக்கை 1,150 கொடுத்து இங்கே வரவழைப்பானேன்? அந்த நட்சத்திரங்களைப் போட்டவர்கள் எந்தத் தண்ணீரில் பிடித்தார்கள் என்று நாலைந்தைத் திறந்து படித்துப் பாருங்கள், பாதி விஷயம் அங்கேயே தெரிந்துவிடும்.

இவ்வளவு உறுதியாகச் சொல்லக் காரணம், நானே ஒரு தடவை வாங்கி ஏமாந்தவன். மே மாதம், மதியம் மூன்று மணி, மூடியைத் திறந்தால் உருக்கின நெய் மாதிரி ஓடுகிறது. சாதாரண ஒற்றை முள்ளில் அது நிற்கவே இல்லை. அப்புறம்தான் படித்தேன், இந்தச் சாந்துக்கு மூன்று கொக்கி உள்ள முள்ளோ, பஞ்சு சுற்றின முள்ளோ வேண்டுமாம், அது தனி விலை. பையில் கொஞ்சம் சிந்தியிருந்தது போல, திரும்பி வரும்போது பஸ்ஸில் என் பக்கத்து சீட் கடைசி வரை காலி.

சரி, எதை வாங்குவது? கெளுத்திக்குக் கண் சின்னது, கலங்கல் தண்ணீரில் அதனால் பெரிதாகப் பயனும் இல்லை. மீசையில் மட்டும் இல்லை, உடம்பு முழுக்கச் சுவை அறியும் மொட்டுகள் அதற்கு உண்டு, அதாவது உடம்பே நாக்கு. அதனால் இரையின் நிறம், பளபளப்பு, பாக்கெட்டில் போட்ட படம் எதற்கும் காசு கொடுக்காதீர்கள். தண்ணீரில் சுவை கசிய வேண்டும், கசிந்துகொண்டே முள்ளிலும் நிற்க வேண்டும். இந்த இரண்டும் சேர்ந்து அமைவதுதான் கஷ்டம். ஈரலுக்குக் கசிவு அபாரம், வீசும்போதே முள்ளை விட்டுப் பறந்துவிடும். மைதா நிற்கும், ஆனால் கெளுத்தி அருகே வருவதற்குள் குட்டி கெண்டைகள் கொத்தித் தின்றுவிடும்.

என் கணக்கில் முதலிடம் மண்புழுவுக்குத்தான், எங்கள் பக்கம் நாக்குப்பூச்சி என்போம். வாய்க்கால் ஓரம், மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் தோண்டினால் காசே இல்லை. மண்புழு உரம் தயாரிக்கிறவர்களிடம் வாங்கினால் புழு மெலிசாக இருக்கும், ஒரு முள்ளுக்கு மூன்று நான்கு கோருங்கள். நுனி அரை அங்குலம் தொங்கி நெளிய வேண்டும், முழுவதையும் முள்ளுக்குள் திணித்துவிடாதீர்கள்.

இரண்டாவது கோழிக் குடல். கறிக்கடையில் முகம் பழகியிருந்தால் பெரும்பாலும் சும்மாவே கொடுத்துவிடுவார்கள். உள்ளே இருப்பதை மட்டும் பிதுக்கி எடுங்கள், சோப்புப் போட்டுக் கழுவிச் சுத்த பத்தமாக்கி வாசனையைத் தொலைத்துவிட வேண்டாம். இரண்டு அங்குலத் துண்டாக வெட்டி, கல்லுப்பு தூவி ராத்திரி முழுக்க வைத்தால் காலையில் ரப்பர் மாதிரி இறுகியிருக்கும். முள்ளை அதில் மூன்று இடத்தில் குத்தி மடித்து, தையல் நூலால் நாலு சுற்றுச் சுற்றிவிட்டால் ஒரு மணி நேரம் அசையாது. ஈரல் போட்டே தீருவேன் என்றால் பழைய கொசுவலையில் சின்னத் துண்டு வெட்டி அதில் பொட்டலம் கட்டிப் போடுங்கள். எதுவானாலும் தனி டப்பாவில் காற்றுப் புகாமல் வையுங்கள். வீட்டு ஃபிரிட்ஜில் திறந்து வைத்தால் இரைக்கு முன்னால் நீங்கள் வெளியே போக வேண்டியிருக்கும்.

இறாலும் நல்ல இரைதான், ஆனால் விற்கிற விலைக்கு அதை நாம் தின்பதே நியாயம்.

ஒன்றைக் கவனியுங்கள், இதெல்லாம் கெளுத்திக்கு. மீசை இருக்கிறதே என்று வாளையையும் இதே கணக்கில் சேர்த்துவிடாதீர்கள். அது வேட்டைக்காரன், வாய் நிறையப் பல். அதற்குச் சின்ன மீனோ புதிதாக வெட்டின மீன் துண்டோதான் சரி, தூண்டில் நரம்பின் நுனியில் கம்பியும் வேண்டும், இல்லாவிட்டால் முள்ளோடு அறுத்துக்கொண்டு போய்விடும். இரைமீனை அதே தண்ணீரில் பிடியுங்கள், வேறு குளத்து மீனைக் கொண்டுவந்து ஆற்றில் விட வேண்டாம். ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்க்கவே தடை இருந்தும் அது நம் ஆறு குளமெல்லாம் பரவிக் கிடப்பது எப்படி என்று யோசித்தால் காரணம் புரியும்.

மிச்சமான 1,150-இல் நல்ல கூர் முள் ஒரு டஜன், ஈயக்குண்டு, ஒரு சுருள் நரம்பு வாங்குங்கள். தக்கையைக் கழற்றிவிட்டு இரையை அடித்தரையில் கிடத்துங்கள், ஏனென்றால் கெளுத்தி மேயும் இடம் அதுதான். நேரத்தையும் மாற்றுங்கள், பொழுது சாய்ந்த பிறகு போடுங்கள். உங்களுக்கு மாட்டாததற்கு இரையைவிட இந்த இரண்டும்தான் காரணம் என்று எனக்குச் சந்தேகம்.

கேள்வி: ஆன்லைனில் வாங்கின மீன் இரை பாக்கெட் கிழிந்து, பாதி கொட்டிப்போய் வந்தது. 'இரைப் பொருள் ரிட்டர்ன் கிடையாது' என்கிறார் விற்றவர். பாக்கெட்டில் இறக்குமதி செய்தவர் பெயரும் இல்லை, விலையும் இல்லை. விட்டுவிடுவதா?

பதில்: எதற்கு விட வேண்டும்? 'ரிட்டர்ன் கிடையாது' என்பது உங்கள் மனம் மாறித் திருப்பும்போது வேண்டுமானால் செல்லும். பழுதான பொருளையும், விளம்பரத்தில் சொன்னதற்கு மாறான பொருளையும் திரும்ப எடுக்க மாட்டேன் என்று சொல்ல 2020 மின்வணிக விதிகளில் இடமே இல்லை. முதலில் அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். போனில் பேசித் தீர்க்கப் பார்க்காதீர்கள், எழுத்தில் இருந்தால்தான் பின்னால் உதவும். கிழிந்த பாக்கெட், மேலே ஒட்டின முகவரிச் சீட்டு இரண்டும் ஒரே படத்தில் விழுகிற மாதிரி போட்டோ எடுத்துவிட்டு அப்புறம் குப்பையில் போடுங்கள்.

பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பெரும்பாலும் அந்தக் கட்டத்திலேயே பணம் வந்துவிடும். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம், ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். சில நூறு ரூபாய்க்கு அவ்வளவு தூரம் போவதா என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள், நானாக இருந்தால் 1915-ஓடு நிறுத்திக்கொள்வேன்.

இறக்குமதியாளர் பெயரும் முகவரியும், நிகர எடை, அதிகபட்ச விலை, மாதம் வருஷம் எல்லாம் பாக்கெட்டில் அச்சாகியிருக்க வேண்டும், அது சட்டம். இல்லை என்றால் அது தனிப் புகார், எடையளவுத் துறைக்கு எழுதலாம். அடுத்த முறை வாங்கும்போது பாக்கெட்டின் பின்பக்கப் படம் போடாத விற்பனையாளரிடம் போகாதீர்கள். அப்புறம் வெனிலா, ஸ்ட்ராபெர்ரி வாசனை என்று இருந்தால் அது கெண்டை, ரோகு பிடிக்கிறவர்களுக்கான சரக்கு. 'எல்லா மீனுக்கும்' என்று மேலே எழுதியிருந்தாலும் கெளுத்திக்கு அதை வாங்காதீர்கள்.

கேள்வி: கெளுத்தி முள் குத்தினால் தடவ ஏதாவது மருந்து வாங்கி வைத்துக்கொள்ளலாமா?

பதில்: ஃபிளாஸ்க்கில் வெந்நீர் கொண்டுபோங்கள். குத்தின விரலைப் பொறுக்கிற சூட்டில் அரை மணி நேரம் முக்கி வைத்தால் கடுப்பு இறங்கும், நல்ல விரலை முதலில் விட்டுச் சூடு பார்த்துக்கொள்ளுங்கள். முள் உள்ளே முறிந்திருந்தாலோ வீக்கம் ஏறினாலோ டாக்டரிடம் போய்விடுங்கள், டிடி ஊசி போட்டு எவ்வளவு நாளாயிற்று என்றும் சொல்லுங்கள். முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என மூன்று முள் இருக்கும். ஒரு பழைய இடுக்கியும் ஈரத்துண்டும் பையில் இருந்தால் அதைக் கையால் தொடவே வேண்டியதில்லை.