எலோமாரின் ஆடுகள் – கடிதம்

ஐயா,

எலோமாரின் பாடல்களை இப்போதுதான் கேட்கத் தொடங்கியிருக்கிறேன். பெரிய நிறுவனம் பின்னால் இல்லாமல், ஊர்ப் பேச்சிலேயே பாட்டெழுதிப் பாடும் ஒருவர் பிரேசிலில் எப்படிப் பிழைக்கிறார்? காசு எந்த வழியாக வருகிறது?

– வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

எலோமார் பாட்டை மட்டும் நம்பி இருந்தவர் அல்ல. 1937இல் பாயியா மாநிலத்து விட்டோரியா ட கொன்கிஸ்டாவில் பிறந்தவர். சால்வடோரில் கட்டடக்கலை படித்துவிட்டு ஊர் திரும்பி, வறண்ட காட்டிங்கா நிலத்தில் ஆடு வளர்த்தார். அந்த ஆடுகள்தான் அவர் மொழியைக் காப்பாற்றின என்பேன். கொச்சையைத் திருத்தச் சொல்ல அவருக்கு மேலே ஒருவரும் இல்லை. 1984இல் சால்வடோரின் காஸ்ட்ரோ ஆல்வெஸ் அரங்கில் ஜெரால்டோ அசெவேடோ, விட்டால் ஃபாரியாஸ், ஷங்காய் மூவரோடும் பாடினாரே, அந்தப் பதிவை அவசியம் கேளுங்கள்.

மற்றவர்களுக்கு ராயல்டியும் மேடையும்தான். வானொலியிலும் மேடையிலும் ஒலிக்கும் பாட்டுக்கு நாடு முழுக்க வசூலிப்பது எகாட் என்ற ஒரே அலுவலகம். பாடகர் அதில் நேரடியாகச் சேர முடியாது. ஏழு சங்கங்களில் ஒன்றில் உறுப்பினராக வேண்டும். வானொலிக்காக 100 ரெயால் (பிரேசில் நாணயம்) வசூலானால் 85 உரியவர்களுக்குப் போகும். அதில் மூன்றில் இரண்டு பங்கு பாட்டை எழுதி இசையமைத்தவருக்கு. மிச்சம் ஒலிப்பதிவுக்கு: பாடியவருக்கு 41.7 சதவீதம், பதிவுக்குப் பணம் போட்ட தயாரிப்பாளருக்கு 41.7, வாசித்தவர்களுக்கு 16.6. தானே எழுதி, பாடி, செலவும் செய்தவர் கைக்குச் சுமார் 80 ரெயால் வரும். சுயேச்சையாக இருப்பதன் பலன் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

பாடகர்கள் கோட்டை விடுவது ஐஎஸ்ஆர்சி பதிவில். ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் உரிய, எழுத்தும் எண்ணும் கலந்த பன்னிரண்டு இடக் குறியீடு அது. சங்கத்தின் வழியாக அதை எடுத்துவிட்டு, இணையத்தில் ஏற்றும்போது விநியோகஸ்தர் தரும் புதுக் குறியீட்டையும் ஏற்றுக்கொள்வார்கள். ஒரே பாட்டுக்கு இரண்டு அடையாளம். ஒலித்த பாட்டு யாருடையது என்று பொருந்தாமல் பணம் தேங்கும். ஸபும்பா என்ற முரசும் முக்கோணம் என்ற உலோகத் தாளக் கருவியும் வாசித்தவர்கள் பெயரை எழுத மறப்பது இன்னொன்று. அடையாளம் தெரியாத தொகை ஐந்தாண்டு காத்திருந்து, பிறகு மற்றவர்களுக்குப் பிரிந்துபோகும். ஸபும்பாக்காரர் மேல்தோலைத் தடித்த கோலாலும் அடித்தோலை மெல்லிய குச்சியாலும் ஒரே நேரத்தில் அடிக்கிறவர். வடகிழக்குப் பிரேசிலின் ஆட்ட இசையான ஃபொஹோவின் நடையே அவர் கையில் இருக்கிறது. அவர் பங்கு ஓர் எழுத்துவேலைச் சோம்பலில் போவதை என்னால் பொறுக்க முடிவதில்லை.

வடகிழக்கில் மேடை வருமானம் என்றால் ஜூன் மாதத்து சாவோ ஜோவாவ் திருவிழாதான். பெரும்பாலும் நகராட்சிதான் அமர்த்துகிறது. டெண்டர் இல்லாமல் கலைஞரை நேரடியாக அமர்த்த, விமர்சகர்களோ மக்களோ ஏற்றுக்கொண்டவர் என்று காட்ட வேண்டும் என்கிறது சட்டம். ஆகவே பழைய சுவரொட்டி, பத்திரிகைத் துண்டு எதையும் தூக்கிப்போடக் கூடாது. பெரிய தொகை செர்டனேஜோ என்ற பிரேசில் நாட்டுப்புற பாப் இசையின் நட்சத்திரங்களுக்குப் போவதை எதிர்த்து 2017இல் ஃபொஹோ கலைஞர்கள் வெளிப்படையாகவே குரல் கொடுத்தார்கள். நியாயமான குரல்.

மேடையில் நேரடியாகப் பாடும்போது ஒலிப்பதிவுப் பங்கு கிடையாது. எழுதியவர் பங்கு மட்டுமே. கூட்டம் கேட்பது 1989இல் மறைந்த வடகிழக்கின் பெரும் பாடகர் லூயிஸ் கொன்சாகாவின் பாட்டை. பாடினால் பாடகருக்கு அன்றைய சம்பளத்தோடு சரி, எகாட் பணம் கொன்சாகாவின் வாரிசுகளுக்கும் உடன் எழுதியவர்களுக்கும் போகும். அதனால் விவரமானவர்கள் நடுவே தங்கள் பாட்டையும் சேர்த்துப் பாடி, பாடிய வரிசைப் பட்டியல் எகாட்டுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று மறுநாளே கேட்டு உறுதி செய்துகொள்கிறார்கள்.