கேளுங்கள், சொல்கிறோம்: தாடை நிழல் மறைய

கேள்வி: டர்பனில் எடுக்கும் எங்கள் குறும்படத்தில் ஆண் நடிகர் ஒருவர் பெண்ணாக வருகிறார். மழித்தும் தாடை கேமராவில் சாம்பலாகத் தெரிகிறது. பவுண்டேஷனைக் கூட்டினால் போதுமா?
- வாசகி, சாட்ஸ்வொர்த்

பதில்: கூட்டாதீர்கள், இன்னும் சாம்பலாகும். தோலுக்கடியில் தெரியும் முடியின் நீலச் சாயலை அதன் எதிர்நிறமான ஆரஞ்சுதான் முறிக்கும். மாநிறத்துக்கு அடர் ஆரஞ்சு கரெக்டர் (பவுண்டேஷனுக்கு அடியில் பூசும் நிறத் திருத்தக் கிரீம்) வாங்குங்கள். பீச் நிறம் வெளுத்த தோலுக்கானது. மழித்ததும் பூசினால் எரியும், ஒரு மணி நேரமாவது விடுங்கள். தாடி வளரும் இடத்தில் மட்டும், தேய்க்காமல், விரலால் தட்டித் தட்டி மெல்லிசாக வையுங்கள். மேலே பவுடர் ஒற்றிய பிறகே பவுண்டேஷன். பவுடரை விட்டால் இரண்டும் குழைந்து முகம் செம்மண்ணாகிவிடும். டர்பன் கோடைப் புழுக்கத்தில் மேலுதடு சீக்கிரம் வியர்க்கும். டிஷ்யூவால் ஒற்றுங்கள், துடைக்க வேண்டாம். மாலைக்குள் முடி தலைகாட்டும் என்பதால் குளோசப்புகளைக் காலையிலேயே முடித்துவிடுங்கள்.

தயவுசெய்து பாத்திரத்தைக் கேலிப்பொருளாக்காதீர்கள். 1913இல் வந்த 'ராஜா ஹரிச்சந்திரா' படத்தில் ஹரிச்சந்திரனின் மனைவி தாராமதியாக நடித்தவர் சாலுங்கே என்ற ஆண். 1917இல் 'லங்கா தகன்' படத்தில் ராமன், சீதை இருவருமே அவர்தான். நம் தெருக்கூத்திலும் திரௌபதி வேஷம் கட்டியது ஆண்களே. கதையில் வருபவர் திருநங்கை என்றால் மட்டும், திருநங்கை ஒருவரையே நடிக்கக் கேளுங்கள்.

புடவை: முந்தானையை மடிப்பெடுத்து, தோள் நுனியில் அல்லாமல் கழுத்துப் பக்கமாகக் குத்துங்கள், தோள் குறுகித் தெரியும். இடுப்புக்கு வைக்கும் ஸ்பாஞ்சின் ஓரங்களைச் சரிவாகச் சீவுங்கள், இல்லையென்றால் விளிம்பு புடவைமேல் கோடாகத் தெரியும்.