முயல் தப்பினால் பரவாயில்லை, தோட்டா தப்பக் கூடாது

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் காய்கறித் தோட்டம் போட்டிருக்கிறேன். பீன்ஸ், கேரட், முட்டைக்கோஸ் எதுவும் கைக்கு வருவதில்லை. முளைத்த மறுநாளே முயல்கள் மேய்ந்துவிடுகின்றன. மாமனார் வைத்திருந்த பாயின்ட் 22 ரைஃபிள், லைசென்ஸோடு இப்போது என் பெயருக்கு மாறியிருக்கிறது. சின்னத் துப்பாக்கிதானே! விடியற்காலையில் பின்வாசலில் நின்று நாலைந்தைச் சுட்டுவிட்டால் தொல்லை தீருமா? மதில்மேல் டின்களை அடுக்கிச் சுட்டுப் பழகலாம் என்றிருக்கிறேன்.
(பெயர் வெளியிட வேண்டாம்)

பதில்: உங்கள் கடிதத்தில் என்னைத் திடுக்கிட வைத்தது முயல் அல்ல, "சின்னத் துப்பாக்கிதானே" என்ற அந்த ஒரு வார்த்தை. பாயின்ட் 22, அதாவது குழலின் துளை 0.22 அங்குலமே உள்ள ரைஃபிளைக் கையில் எடுக்கிற பத்துப் பேரில் ஒன்பது பேர் அப்படித்தான் சொல்கிறார்கள். நானும் ஒரு காலத்தில் சொன்னவன்தான்.

இதில் போடும் 'லாங் ரைஃபிள்' என்ற ரகத் தோட்டா 1887-லிருந்து புழக்கத்தில் இருக்கிறது. ஈயக் குண்டின் எடை இரண்டரை கிராம் சொச்சம். சுண்டுவிரல் நுனியில் நிற்க வைக்கலாம். ஆனால் குழலை விட்டுக் கிளம்பும்போது அதன் வேகம் நொடிக்கு 330 மீட்டர் அளவில் இருக்கும். வேகமான ரகங்களில் 370-ஐத் தாண்டும். குழலை மேல்நோக்கிச் சாய்த்துப் பிடித்துச் சுட்டால் ஒன்றரை முதல் இரண்டு கிலோமீட்டர் வரை போய் விழும். உங்கள் தோட்டம் எத்தனை மீட்டர் நீளம்? முயலைத் தவறவிட்ட குண்டு மீதி தூரத்தை யார் வீட்டுப் பக்கமாகக் கடக்கும்? முயலைக் குறிபார்ப்பதற்கு முன்னால் இந்தக் கணக்கைப் போட்டாக வேண்டும்.

"கீழ்நோக்கித்தானே சுடுகிறேன், மண்ணில் புதைந்துவிடாதா" என்பீர்கள். நீங்கள் நின்றுகொண்டு பிடித்தால் குழல் தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும். முயல் 30 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கிறது. அப்படியானால் குண்டு தரையைத் தொடும் கோணம் மூன்று டிகிரிதான். குளத்தில் தட்டையான ஓட்டாஞ்சல்லியை வீசித் தவளைப் பாய்ச்சல் விளையாடியிருக்கிறீர்கள் அல்லவா, அதே சங்கதி. மற்ற ரைஃபிள் குண்டுகளைவிட மெதுவாக, சாய்வாக வரும் இந்த ஈயக் குண்டு, கல்லிலோ இறுகிய தரையிலோ தண்ணீரிலோ பட்டால் உடையாமல் எகிறும். எகிறிய பிறகு எந்தப் பக்கம் திரும்பும் என்று சுட்டவருக்கே தெரியாது. இந்த ரகத்துக்குக் கெட்ட பெயர் வாங்கித் தந்ததே இந்த எகிறல்தான். மாடியிலிருந்து, அதாவது நாலரை மீட்டர் உயரத்திலிருந்து, 15 மீட்டர் தள்ளி இருப்பதைச் சுட்டால் கோணம் பதினேழு டிகிரியை நெருங்கும். அது எவ்வளவோ மேல். ஆனாலும் அந்த இடத்தில் மண் பொலபொலவென்று, கல்லில்லாமல் இருக்க வேண்டும். எங்கிருந்து சுட்டாலும் முயலுக்குப் பின்னால் ஆளுயர மண்மேடு ஒன்று இருந்தாக வேண்டும். செடி, புதர், மரவேலி எதுவும் குண்டைத் தடுக்காது. பலகையைத் துளைத்துக்கொண்டு போய்விடும்.

மண்மேடு இல்லையென்றால் சுடாதீர்கள். இதில் சலுகையே கிடையாது. மரக்கிளையிலிருக்கும் அணில், வேலி உச்சியிலிருக்கும் பறவை எல்லாம் இதே காரணத்தால்தான் விலக்கு. அவற்றுக்குப் பின்னால் இருப்பது வெறும் வானம்.

இந்த இடத்தில் ஓர் அசட்டுத்தனத்தை ஒப்புக்கொள்கிறேன். என் வீட்டு ஜன்னலின் மரவிளிம்பில் இன்றைக்கும் ஒரு நீளப் பள்ளம் இருக்கிறது. வைத்தது எலியல்ல, ஜன்னல் வழியாகச் சுட்ட நான். குறிபார்க்கும் தொலைநோக்கிக் கண்ணாடி குழலுக்கு மேலே நாலு சென்டிமீட்டர் உயரத்தில் பொருத்தப்பட்டிருக்கும். கண்ணுக்கு வழி திறந்திருந்தது. குழலின் வாய் விளிம்புக்கு நேராக இருந்ததை நான் பார்க்கவில்லை. கிட்டத்தில் இருப்பதைச் சுடும்போது அதே நாலு சென்டிமீட்டர் இடைவெளி இன்னொரு வேலையும் காட்டும். 50 மீட்டருக்குக் குறி சரிசெய்த ரைஃபிளில் 5 மீட்டரில் சுட்டால் குண்டு ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர் தாழ்வாகப் படும். முயலின் தலைக்கு வைத்த குறி தாடையில் படுவது இப்படித்தான்.

அந்த இரண்டரை சென்டிமீட்டரை அற்பமாக நினைக்காதீர்கள். முயல் துடிக்காமல் சாக வேண்டுமென்றால் குண்டு பட வேண்டிய இடமே ஒரு நாணய அளவுதான். தாளில் மூன்று சென்டிமீட்டர் வட்டம் வரைந்து, நீங்கள் சுட நினைக்கும் தூரத்தில் வையுங்கள். ஐந்து குண்டும் உள்ளே விழ வேண்டும். நாலு போதாது. வெளியே போன அந்த ஐந்தாவதுதான், அடிபட்டுப் புதருக்குள் ஓடி மூன்று நாள் கிடந்து சாகும் முயல். குட்டி போட்டிருக்கும் பருவத்தில் தாயைச் சுட்டால் வளையில் குட்டிகள் பட்டினியில் மடியும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பயிர் போனதில் வரும் கோபம் நியாயமானதுதான். அதற்காக இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.

சரி, சுட்டால் தொல்லை தீருமா? தீராது. முயலின் கர்ப்பகாலம் ஒரு மாதம். ஈன்ற சில மணி நேரத்திலேயே மறுபடியும் சினைப்படும். நாலைந்தை எடுத்தால் அந்த இடத்துக்கு அடுத்த வளையிலிருந்து ஆள் வரும். உங்கள் தோட்டம் அவற்றுக்குப் பந்திபோட்டு வைத்த மாதிரி இருக்கும் வரைக்கும் வந்துகொண்டேதான் இருக்கும். வேலி போடுங்கள். கண்ணி மூன்று சென்டிமீட்டருக்கு மேல் போகாத கம்பிவலை, முக்கால் மீட்டர் உயரம் போதும். அடியில் ஒரு சாண் அகலத்தை வெளிப்பக்கமாக மடித்து மண்ணுக்குள் புதைத்துவிடுங்கள். தோண்டிக்கொண்டு வருகிற முயல் அந்த மடிப்பில் முட்டித் திரும்பிவிடும். கண்ணி பெரிதானால் குட்டி முயல் நுழைந்துவிடும், கவனம். வேலி அடைத்த பிறகும் உள்ளேயே மாட்டிக்கொண்ட ஒன்றிரண்டு முயலுக்குத்தான் ரைஃபிள் என்பது என் கட்சி.

அதற்கும் முன்னால், சாப்பிடுவது முயல்தானா என்று பார்த்தீர்களா? முயல் கடித்த தண்டு கத்தியால் சாய்த்து வெட்டியது போலிருக்கும். பக்கத்தில் பட்டாணி அளவில் உருண்டைப் புழுக்கைகள் கிடக்கும். மான் மேய்ந்தால் தண்டு நார்நாராகக் கிழிந்திருக்கும், ஏனென்றால் அதற்கு மேல்தாடையில் முன்பற்கள் இல்லை. நாற்று தரைமட்டத்தில் வெட்டுண்டு அப்படியே கிடந்தால் அது வெட்டுப்புழு. இலையில் பளபளவென்று கோடு இருந்தால் நத்தை. இவற்றுக்குத் துப்பாக்கி எதற்கு? எலியாக இருந்தால் பொறி வையுங்கள்.

சுடுவதற்கு முன், உங்கள் பகுதியில் குடியிருப்புக்கு அருகே சுட அனுமதி உண்டா, அந்த விலங்கு பாதுகாக்கப்பட்ட இனமா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். லைசென்ஸ் என்பது துப்பாக்கியை வைத்துக்கொள்ளத்தான். கொல்லையில் சுட அது தனியாக அனுமதி தராது.

தோட்டாவில், ஒலியின் வேகத்தைத் தாண்டாத, முனையில் குழியுள்ள ரகத்தை வாங்குங்கள். வெடிச்சத்தம் குறைவு, குண்டு விரிந்து உடலுக்குள்ளேயே தங்க வாய்ப்பும் அதிகம். எகிறவே எகிறாது என்று மட்டும் எண்ண வேண்டாம். காதடைப்பான் எப்படியும் போட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்று: இந்த ரகத்தில் பற்றுமருந்து, அதாவது தோட்டாவை முதலில் பற்றவைக்கும் மருந்து, தோட்டாவின் அடிவிளிம்பைச் சுற்றி வைக்கப்பட்டிருக்கும். விளிம்பில் ஏதோ ஒரு பக்கம் மருந்து சரியாகப் பரவாமல் விட்டிருந்தால் விசையை இழுத்தும் வெடிக்காது. உடனே திறந்து பார்க்காதீர்கள். குழலை மண்மேட்டுப் பக்கமே வைத்துக்கொண்டு முழுசாக அரை நிமிடம் பொறுங்கள். தாமதித்து வெடிப்பதும் உண்டு. சுட்ட முயலை நாய்க்கோ பருந்துக்கோ விடாமல் ஆழப் புதையுங்கள், ஈயத் துணுக்கு அவற்றுக்கு விஷம். வீட்டில் குழந்தைகள் உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தாலும் இல்லாவிட்டாலும் ரைஃபிள் ஒரு பூட்டில், தோட்டா வேறொரு பூட்டில்.

விடியற்காலை என்கிறீர்கள். முயல் மேய வருவது அப்போதும் அந்தி நேரத்திலும்தான், உண்மை. அடுத்த வீட்டுப் பூனை உலாத்துவதும், பால்காரர் வேலியோரமாக நடப்பதும் அதே அரையிருட்டில்தான். காது அசைவது தெளிவாகத் தெரியாதவரை விரல் விசைக்கு வெளியே இருக்கட்டும்.

அப்புறம் அந்த டின்கள். மதில்மேல் வேண்டவே வேண்டாம். டின்னைத் தவறவிட்டால் குண்டு ஊருக்குள், மதிலில் பட்டால் உங்களிடமே திரும்பி. மண்மேட்டில் தாளை ஒட்டுங்கள். டின் விழுந்தால் பட்டது என்று மட்டும்தான் தெரியும். எங்கே பட்டது என்று தாள்தான் சொல்லும்.