நாத்தனாரின் அமுக்கரா

கேள்வி: எனக்கு வயது 34. நன்றாகச் சாப்பிட்டும் ஆறு மாதத்தில் எட்டு கிலோ இளைத்துவிட்டேன். கை நடுக்கம், படபடப்பு, முடியும் கொட்டுகிறது. டி.எஸ்.ஹெச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன், தைராய்டு கூடினால் இது குறையும்) 0.01 என்று வந்தது. தைராய்டு அதிகமாகச் சுரப்பதாகச் சொல்லி டாக்டர் கார்பிமசோல் கொடுத்திருக்கிறார். நாத்தனாரோ, 'இங்கிலீஷ் மாத்திரையை நிறுத்து. பாலில் அமுக்கரா (அஸ்வகந்தா) சூரணமும் கெல்ப் மாத்திரையும் எடு, எனக்கு அதில்தான் தைராய்டு சரியாச்சு' என்கிறார். செய்யலாமா?
- வாசகி, நெல்லிக்குப்பம்

பதில்: திருப்பாதிரிப்புலியூரில் இருபது வருடமாகச் சூரணம் கொடுக்கும் சித்த மருத்துவன் நான். அமுக்கராவுக்கு நான் பரிந்து பேசுவேன் என்று நாத்தனார் நினைத்திருக்கலாம். உங்களுக்கு அது வேண்டாம்.

அவருக்கு வந்தது எந்தத் தைராய்டு என்று கேளுங்கள். அநேகமாகக் குறைவாகச் சுரப்பதாக இருக்கும். 'எனக்குத் தைராய்டு இருக்கு' என்று இரண்டுக்கும் ஒரே பேச்சுதான் நம் ஊரில். தைராய்டு எல்லோருக்கும் இருக்கிறது, கழுத்தில்! 2018-ல் வெளியான ஓர் ஆய்வில், லேசாகக் குறைவாகச் சுரந்த 50 பேரில் பாதிப்பேருக்கு எட்டு வாரம் தினமும் 600 மில்லிகிராம் அமுக்கரா வேர்ச் சாறு கொடுத்தார்கள். அவர்களுக்குத் தைராய்டு ஹார்மோன் ஏறியது. அவர்களுக்கு நல்லது. உங்களுக்கோ ஏற்கெனவே பொங்கி வழிகிறது.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். தேவனாம்பட்டினத்திலிருந்து வந்த ஒரு அம்மா, 'உடம்பு இளைக்குது, தூக்கமில்லை' என்றார். ரத்தம் பார்க்காமலே அமுக்கரா எழுதினேன். மூன்றே வாரத்தில் திரும்பி வந்தார். நாடி பிடித்தால் நிமிடத்துக்கு 130. அன்றிலிருந்து இளைத்து வருபவர்களிடம் முதலில் டி.எஸ்.ஹெச். ரிப்போர்ட்தான் கேட்கிறேன்.

கெல்ப்பும் கூடாது. பரங்கிப்பேட்டையில் நோன்புக்குச் செய்யும் கடல்பாசி இனிப்பை நான் சொல்லவில்லை. இது வேறு, அயோடின் மண்டிய பழுப்புக் கடற்பாசி. அயோடின்தான் தைராய்டு ஹார்மோனுக்கு மூலப்பொருள். எரியும் அடுப்பில் ஏன் விறகு திணிக்க வேண்டும்?

சுரப்பைக் குறைக்கும் மூலிகையே இல்லையா என்பீர்கள். புதினா குடும்பத்தைச் சேர்ந்த லைகோபஸ் செடியை ஜெர்மனியில் லேசான நிலைக்குக் கொடுப்பதுண்டு. 0.01-ல் நிற்கும் உங்களுக்கு அதை நம்பி மாத்திரையை நிறுத்தச் சொல்ல எனக்குத் துணிவில்லை. கவனிக்காமல் விட்டால் இதயத் துடிப்பு தாறுமாறாகும், எலும்பு தேயும். பெரும்பாலும் பன்னிரண்டு முதல் பதினெட்டு மாதம் மாத்திரை எடுக்க வேண்டியிருக்கும். பிறகு நிறுத்திப் பார்ப்பார்கள்.

மாத்திரையிலும் ஒரு ஆபத்து உண்டு, அபூர்வமாக ரத்தத்தின் வெள்ளை அணுக்களைக் குறைத்துவிடும். தொண்டை வலியோடு காய்ச்சல் வந்தால் அடுத்த வேளை போடாமல் அன்றே வெள்ளை அணுக்களை எண்ணிப் பார்க்க வேண்டும். குழந்தைக்குத் திட்டமிருந்தால் இப்போதே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

முடி கொட்டுகிறதே என்று பயோட்டின் மாத்திரை ஏதும் எடுக்கிறீர்களா? அது பல லேப்களில் டி.எஸ்.ஹெச்.சைக் குறைத்தும் தைராய்டு ஹார்மோனான டி4-ஐ ஏற்றியும் தவறாகக் காட்டிவிடும். எடுத்திருந்தால் டாக்டரிடம் சொல்லி, இரண்டு மூன்று நாள் நிறுத்திவிட்டு மறுபடி ரத்தம் கொடுங்கள்.