அரசு ஊழியர் ஒரு கட்சிக்காக ஓட்டுச் சேகரித்தால் யாரிடம் புகார் சொல்வது? ஏதாவது நடக்குமா?

ஆதாரம் இருந்தால் நடக்கும். நான் நீலகிரி மாவட்டக் கூடலூர்க்காரன், இங்கே பார்த்ததை வைத்தே சொல்கிறேன்.

மேடையேறி ஓட்டுக் கேட்கும் அதிகாரியை நீங்கள் பார்க்கவே மாட்டீர்கள். அவருடைய பலமெல்லாம் கையெழுத்தில். இந்தப் பக்கம் 1969 ஜன்ம நில (பரம்பரை நிலவுடைமை) ஒழிப்புச் சட்டத்தின் 17-வது பிரிவில், யாருக்கு என்று முடிவாகாமல் சிக்கிக் கிடக்கும் நிலங்கள் ஏராளம். பட்டா இல்லை, அதனால் கரண்டுக்கே பல வருஷம் அலைந்த குடும்பங்கள் உண்டு. ஒரு தேர்தல் சமயம் எங்கள் பக்கத்துக் குடியிருப்புக்குத் தேர்தல் பணியில் இருந்த அரசு ஊழியர் ஒருவர் வந்தார். கையில் நீள நோட்டு. ரேஷன் கார்டை வாங்கி வாங்கிப் பேர் எழுதினார். ஒரு அக்கா, "சார், எங்களுக்குக் கரண்டு வருமா?" என்று கேட்டார். "எலெக்‌ஷன் முடியட்டும்மா, யார் வர்றாங்கன்னு பார்த்துதானே எல்லாம்" என்றவர், கூட வந்த கட்சிக்காரரைப் பார்த்துச் சிரித்தார். அவ்வளவுதான். சின்னத்தையும் சொல்லவில்லை, காசும் கொடுக்கவில்லை. ஆனால் அங்கிருந்த எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

1951 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி, தேர்தல் பணியில் இருப்பவரோ போலீஸோ வாக்காளரை ஒரு பக்கம் இழுக்கப் பார்த்தால் 6 மாதம் வரை சிறை (129-வது பிரிவு). வேட்பாளரே அரசு ஊழியரின் உதவியை வாங்கியிருந்தால் 123(7)-ன்படி வெற்றியே பறிபோகலாம். 1975 ஜூன் 12 அன்று அலகாபாத் உயர் நீதிமன்றம் இந்திரா காந்தியின் ரேபரேலி வெற்றியைச் செல்லாது என்றது இதை வைத்துத்தான். பிரதமர் செயலகத்தில் இருந்த யஷ்பால் கபூர் அரசுப் பணியில் இருக்கும்போதே தேர்தல் வேலை பார்த்தார், உ.பி. அதிகாரிகள் பிரசார மேடைக்கு ஏற்பாடு செய்தார்கள் என்பது குற்றச்சாட்டு. அப்புறம் அதே வருஷம் சட்டத்தைத் திருத்தி, அலுவல் கடமையாகச் செய்தது உதவி ஆகாது என்று சேர்த்தார்கள். நவம்பரில் உச்ச நீதிமன்றமும் இந்திரா பக்கம் தீர்ப்புச் சொன்னது. "டியூட்டிக்குத்தான் போனேன் சார்" என்று இன்றைக்கும் தப்பிக்க வழி அதுதான்.

சரி, புகார். தேர்தல் ஆணையத்தின் சிவிஜில் (cVIGIL) ஆப் நல்லதுதான், 100 நிமிடத்துக்குள் நடவடிக்கை என்பது கணக்கு. ஆனால் அந்த இடத்திலேயே படமெடுத்து 5 நிமிடத்துக்குள் அனுப்ப வேண்டும், கேலரியில் இருக்கும் படத்தை ஏற்ற முடியாது. டவரே கிடைக்காத எஸ்டேட்டுக்குள் நின்றுகொண்டு என்ன செய்வது? அங்கெல்லாம் எழுத்துமூல மனுதான். தேதி, நேரம், பேசிய வார்த்தை, வண்டி எண் (அரசு வண்டி என்றால் நம்பரில் 'ஜி' இருக்கும்), கூட இருந்தவர் யார், எல்லாம் எழுதுங்கள். 1950 என்ற தேர்தல் உதவி எண்ணுக்கும் போன் செய்யலாம். என்னைக் கேட்டால் தேர்தலைக் கண்காணிக்க ஆணையம் வெளிமாநிலத்திலிருந்து அனுப்பும் பொதுப் பார்வையாளரிடம் நேராகக் கொடுப்பது மேல். உள்ளூர் அலுவலகத்தில் எல்லோரும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். பார்வையாளரின் போன் நம்பர் பேப்பரில் வரும். வேட்பாளர் மேலேயே வழக்குப் போட வேண்டுமென்றால் முடிவு வந்து 45 நாளுக்குள் உயர் நீதிமன்றம் போக வேண்டும். சாதாரண வாக்காளரும் போடலாம், செலவைத்தான் யோசிக்கணும்.

நான் சொன்ன விஷயத்திலும் பார்வையாளருக்கு மனு போனது. அந்த ஊழியரைத் தேர்தல் வேலையிலிருந்து எடுத்தார்கள், அதற்கு மேல் ஒன்றுமில்லை. ரிசல்ட் வந்ததும் பழைய சீட்டிலேயே உட்கார்ந்தார். மனுவில் கையெழுத்துப் போட்டவர்கள் அடுத்த மாதமே ஒரு சான்றிதழுக்கு அவரிடம் போய் நிற்க வேண்டியிருந்தது. அதனால் விண்ணப்பம் நிலுவையில் இருப்பவர்களைக் கையெழுத்துப் போடச் சொல்லாதீர்கள். பென்ஷன் வாங்குபவர், வெளியூரில் வேலை பார்ப்பவர் என்று யாராவது போடட்டும். சிக்னல் கிடைக்கிற இடமென்றால் சிவிஜிலில் பெயர் சொல்லாமலே புகார் கொடுக்கலாம்.