ஈஎஸ்சி சந்தேகங்கள்: பீப் சத்தத்திலிருந்து ப்ளூஜே வரை

ட்ரோன் மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈஎஸ்சி (எலக்ட்ரானிக் ஸ்பீட் கன்ட்ரோலர்) பற்றி வந்திருக்கும் கேள்விகளில் பல, அதற்குள் எந்த ஃபர்ம்வேர் (உள் மென்பொருள்) ஓடுகிறது என்று பார்க்காமலேயே செட்டிங்கை மாற்றியதால் வந்தவை. அதனால் பதில்களில் அதைத் திரும்பத் திரும்பக் கேட்பேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். கீழே மோட்டார் சுற்றும் வேலை எதுவாக இருந்தாலும் ப்ராப்பைக் (ப்ரொப்பெல்லரை) கழற்றிவிட்டுத்தான். இதை ஒவ்வொரு பதிலிலும் எழுதப்போவதில்லை.

அண்ணா, காலேஜ் ப்ராஜெக்ட்டுக்காக எஃப்450 ஃபிரேம், ஏ2212 மோட்டார், 30 ஆம்பியர் சைமன்கே ஈஎஸ்சி, பிக்ஸ்ஹாக் ஃபிளைட் கன்ட்ரோலர் (ட்ரோனின் மூளை) வைத்து ட்ரோன் கட்டினோம். மூன்று மோட்டார் உடனே சுற்றுகிறது, நான்காவது கொஞ்சம் த்ராட்டில் ஏற்றிய பிறகுதான் கிளம்புகிறது. மோட்டார் கெட்டதா? (இறுதியாண்டு மாணவர், கோவை)

கெட்டிருக்காது. சைமன்கே ஃபர்ம்வேர் ஓடும் ஈஎஸ்சி பெறுவது பழைய பிடபிள்யூஎம் (துடிப்பின் அகலத்தால் வேகம் சொல்லும்) சிக்னல். துடிப்பின் அகலம் 1000 மைக்ரோநொடி என்றால் நிறுத்தம், 2000 என்றால் முழு வேகம். இதில் கீழ் எல்லை எது, மேல் எல்லை எது என்பதை ஒவ்வொரு ஈஎஸ்சியும் தனியாகக் கற்றுக்கொண்டு நினைவில் வைத்திருக்கும். உங்கள் நான்காவது ஈஎஸ்சி வேறு எங்கோ, வேறு ரிமோட்டில் கற்றது. நான்கையும் ஒரே நேரத்தில் காலிப்ரேட் செய்தால் (எல்லைகளைக் கற்றுக்கொடுத்தால்) சரியாகிவிடும்.

முதலில் ரிமோட் காலிப்ரேஷன் முடிந்திருக்க வேண்டும். யுஎஸ்பி கேபிளைக் கழற்றிவிடுங்கள். ரிமோட்டை ஆன் செய்து த்ராட்டிலை முழுக்க மேலே தள்ளி, பேட்டரியை மாட்டுங்கள். பிக்ஸ்ஹாக்கின் விளக்கு சிவப்பு, நீலம், மஞ்சள் என்று மாறி மாறி எரியும். அதாவது அடுத்த முறை காலிப்ரேஷன் என்று அது புரிந்துகொண்டது. த்ராட்டில் மேலேயே இருக்க, பேட்டரியைக் கழற்றி மறுபடி மாட்டுங்கள். சேஃப்டி பட்டன் இருந்தால் அது நிலையாக எரியும்வரை அழுத்துங்கள். இப்போது ஈஎஸ்சிகள் வழக்கமாக பேட்டரியின் செல் எண்ணிக்கைக்குத் தக்க பீப் அடித்து, அப்புறம் இரண்டு பீப் அடிக்கும். மேல் எல்லை பதிந்தது என்று பொருள். உடனே த்ராட்டிலை அடிவரை இறக்குங்கள். நீளமாக ஒரு பீப் வந்தால் முடிந்தது, பேட்டரியைக் கழற்றலாம். நான்கில் ஒன்று மட்டும் இந்த நீள பீப்பை அடிக்காவிட்டால் அதன் சிக்னல் வயரைப் பாருங்கள், பெரும்பாலும் பின் தலைகீழாக மாட்டியிருக்கும்.

இன்னொன்று. இந்த ஈஎஸ்சிகளின் மூன்று வயர்களில் சிவப்பு, 5 வோல்ட் வெளியே தருவது. பிக்ஸ்ஹாக்குக்கு மின்சாரம் தரும் பவர் மாட்யூல் இருக்கும்போது நான்கு சிவப்பும் ஒன்றாக முட்டிக்கொள்ளத் தேவையில்லை. பின்னை உருவி டேப் சுற்றிவிடுங்கள். ஆனால் கறுப்பு வயரை எடுத்துவிடாதீர்கள். “சிக்னல் ஒன்று போதுமே” என்று கிரவுண்டை விட்டுவிட்டு, மோட்டார் நடுங்குகிறது என்று வருபவர்கள் நிறைய.

என் ஈஎஸ்சியில் டிஷாட் (டிஜிட்டல் சிக்னல்) வேலை செய்யுமா? எப்படித் தெரிந்துகொள்வது? (மதுரை)

மேலே சொன்ன சைமன்கே வகையில் செய்யாது, பழைய ஏட்மெல் சில்லில் ஓடும் பிஎல்ஹெலியிலும் செய்யாது. பிஎல்ஹெலி எஸ், பிஎல்ஹெலி 32, ஏஎம்32, ப்ளூஜே ஆகிய ஃபர்ம்வேர்களில் செய்யும். ஃபிளைட் கன்ட்ரோலர் வழியாக ஈஎஸ்சி கான்ஃபிகரேட்டர் என்ற மென்பொருளில் படித்துப் பார்த்தால், பிஎல்ஹெலி எஸ், ஏஎம்32, ப்ளூஜே என்றால் பெயர் வந்துவிடும்.

டிஷாட்டில் காலிப்ரேஷனே கிடையாது. துடிப்பின் அகலத்தை அளக்கும் வேலை போய், எண்ணாகவே அனுப்புகிறோம். ஒரு செய்திக்கு 16 பிட். அதில் 11 பிட் த்ராட்டில், ஒன்று டெலிமெட்ரி (ஈஎஸ்சி திருப்பி அனுப்பும் அளவுகள்) கேட்பதற்கு, மீதி 4 பிழை சரிபார்க்க. 0 என்றால் நிறுத்தம், 1 முதல் 47 வரை கட்டளைகள் (திசை மாற்று, பீப் அடி மாதிரி), 48 முதல் 2047 வரை வேகம். ஃபிளைட் கன்ட்ரோலரின் கணக்குச் சுற்று (லூப்) எட்டு கிலோஹெர்ட்ஸ் என்றால் டிஷாட்600, நான்கு என்றால் டிஷாட்300 போதும். அதற்கு மேல் தேடி அலைய வேண்டாம்.

பிஎல்ஹெலி எஸ் 4-இன்-1 (நான்கு ஈஎஸ்சியும் ஒன்றாக உள்ள) போர்டை ப்ளூஜேவுக்கு மாற்ற ஆசை. எரிந்துவிடும் என்று பயமுறுத்துகிறார்கள். (5 அங்குல ப்ராப் உள்ள நான்கு மோட்டார் குவாட், சென்னை)

பயமுறுத்துவதில் நியாயம் இருக்கிறது, ஆனால் அது ஒரே ஒரு இடத்தில். போர்டைப் படித்ததும் ‘ஜி-ஹெச்-30’ மாதிரி ஒரு பெயர் திரையில் வரும். முதல் எழுத்து, சில்லின் எந்தக் கால் எந்த மாஸ்ஃபெட்டை (மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்சை) இயக்குகிறது என்ற அமைப்பு. நடு எழுத்து சில்லின் வகை: எல் என்றால் 24 மெகாஹெர்ட்ஸ், ஹெச் என்றால் 48 மெகாஹெர்ட்ஸ். கடைசி எண் டெட் டைம். மேல் மாஸ்ஃபெட் அணைந்து கீழ் மாஸ்ஃபெட் திறப்பதற்கு நடுவில் விடும் நானோநொடி இடைவெளி அது. அது போதாமல் போனால் இரண்டும் ஒரு கணம் சேர்ந்து திறந்திருக்கும், பேட்டரியின் பிளஸும் மைனஸும் நேராக ஷார்ட். அதனால்தான் புகை. உங்கள் போர்டில் இருந்த அதே பெயரைத்தான் ப்ளூஜேவிலும் ஏற்ற வேண்டும். கான்ஃபிகரேட்டர் அதைத் தானாகவே தேர்ந்தெடுத்துக்கொள்ளும். இந்தப் பெயர்ப் பொருத்தம் பார்க்கும் சோதனையைத் தவிர்க்கும் டிக் பெட்டி ஒன்று இருக்கிறது, அதைத் தொடாதீர்கள்.

வேலை இப்படி: பீடாஃப்ளைட் (ஃபிளைட் கன்ட்ரோலரின் மென்பொருள்) கான்ஃபிகரேட்டரை மூடுங்கள், ஒரே போர்ட்டை இரண்டு மென்பொருள் பிடிக்க முடியாது. யுஎஸ்பி மாட்டி, குரோமில் ஈஎஸ்சி கான்ஃபிகரேட்டரைத் திறந்து இணைத்து, பேட்டரியும் மாட்டிவிட்டுப் படியுங்கள். ஈஎஸ்சிக்கு யுஎஸ்பியிலிருந்து மின்சாரம் போகாது, “நான்கும் தெரியவில்லை” என்பவர்கள் மறப்பது இதைத்தான். பழைய செட்டிங்கை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். முதலில் ஒரே ஒரு ஈஎஸ்சிக்கு மட்டும் ஏற்றி, அந்த மோட்டாரை ‘மோட்டார்ஸ்’ என்ற திரைப் பக்கத்தில் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். சூடாகாமல் ஓடினால் மற்ற மூன்றுக்கும் ஏற்றலாம். ஏற்றுவது நடுவில் நின்றுபோனால் பதற வேண்டாம், பூட்லோடர் (ஃபர்ம்வேரை ஏற்றும் சிறு நிரல்) அப்படியே இருக்கும், மறுபடி ஏற்றினால் போதும். எல் வகை சில்லானால் டிஷாட்300-உடன் நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஏற்றியாச்சு. பிடபிள்யூஎம் அதிர்வெண் 24, 48, 96 கிலோஹெர்ட்ஸ் என்று கேட்கிறது. எது? (அதே சென்னை நண்பர்)

ஐந்து அங்குலத்துக்கு 48. மோட்டார் மென்மையாக ஓடும், பறக்கும் நேரமும் கொஞ்சம் கூடும். 24-இல் பிரேக் நன்றாகப் பிடிக்கும், த்ராட்டிலை விட்டதும் ப்ராப் சட்டென்று வேகம் குறையும். தன் கீழ்க்காற்றில் தானே ஆடும் கனமான குவாட்டுக்கு அது நல்லது. 96 உள்ளங்கை அளவு வூப்புகளுக்குத்தான் பொருந்தும். 24-லிருந்து மேலே போனால் குறைந்த த்ராட்டிலில் இழுவை சற்றுத் தளர்ந்ததுபோல் தெரியும், ஐடிலைக் (குறைந்தபட்ச சுழற்சி வேகத்தை) கொஞ்சம் ஏற்றிக்கொள்ளுங்கள்.

இரண்டு மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றுகிறது. சால்டரைப் பிரிக்க வேண்டுமா?

மூன்று வயரில் எந்த இரண்டை மாற்றினாலும் திசை மாறும். ஆனால் பிரிக்கத் தேவையில்லை, பீடாஃப்ளைட் 4.3 முதல் திசை மாற்றும் விஸார்டு இருக்கிறது.

ஆர்ம் செய்து (மோட்டார் பூட்டைத் திறந்து) த்ராட்டில் ஏற்றிய உடனே கவிழ்கிறது. ஈஎஸ்சி புதிதாக வாங்கணுமா? (திருச்சி)

வாங்காதீர்கள். கிளம்பும்போதே கவிழ்ந்தால் முதல் சந்தேகம் மோட்டார் வரிசை மேல்தான். பீடாஃப்ளைட்டில் 1 பின் வலது, 2 முன் வலது, 3 பின் இடது, 4 முன் இடது. ஆர்டுபைலட் என்ற இன்னொரு ஃபிளைட் கன்ட்ரோலர் மென்பொருளில் 1 முன் வலது, 2 பின் இடது, 3 முன் இடது, 4 பின் வலது. ஒன்றின் படத்தைப் பார்த்து இன்னொன்றுக்கு வயர் போட்டால் கவிழாமல் என்ன செய்யும்?

நேராகப் பறக்கும்போது ஒன்றுமில்லை. சட்டென்று முழு த்ராட்டில் கொடுத்தால் ஒரு பக்கம் சரிந்து சுழன்று விழுகிறது. எப்போதும் அதே மூலைதான். டீசிங்க் என்கிறார்கள். (பெங்களூரு)

நீங்கள் சொல்வது டீசிங்க் (ஈஎஸ்சியும் மோட்டாரும் தாளம் தப்புவது) மாதிரிதான் இருக்கிறது. ஈஎஸ்சிக்கு ரோட்டர் (மோட்டாரின் சுழலும் பகுதி) எங்கே நிற்கிறது என்று சொல்ல சென்சார் எதுவும் இல்லை. இரண்டு வயரில் மின்சாரம் விட்டு, சும்மா இருக்கும் மூன்றாவது வயரில் எழும் மின்னழுத்தம் நடுக்கோட்டைக் கடக்கும் கணத்தை வைத்து ஊகிக்கிறது. த்ராட்டில் திடீரென்று ஏறும்போது மின்னோட்டம் அதிகமாகி, அந்த வயரில் மிச்சமிருக்கும் துடிப்பு நடுக்கோட்டை மறைத்துவிடும். ஈஎஸ்சி தப்பான நேரத்தில் அடுத்த கட்டத்துக்கு மாறும், மோட்டார் திணறி நிற்கும்.

ஆனால் செட்டிங்குக்குப் போவதற்கு முன், எப்போதும் அதே மூலை என்றீர்களே, அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். அந்த மோட்டாரைக் கழற்றி அடியில் பாருங்கள். ஸ்க்ரூ நீளம் அரை மில்லிமீட்டர் கூடினாலும் முனை சுருள் கம்பியைத் தொட்டு அதன் மேல்பூச்சான இனாமலைச் சுரண்டியிருக்கும். செம்பு பளபளவென்று தெரிந்தால் காரணம் கிடைத்துவிட்டது. அங்கே சுத்தமாக இருந்தால் மூன்று சால்டரையும் பாருங்கள். மங்கலாக, உருண்டையாக உட்கார்ந்திருந்தால் மறுபடி சூடாக்குங்கள். அதுவும் சரி என்றால் அந்த மோட்டாரையும் வேறு மூலை மோட்டாரையும் இடம் மாற்றுங்கள். கோளாறு மோட்டாரோடு போனால் மோட்டார், அங்கேயே நின்றால் ஈஎஸ்சி.

இதற்கெல்லாம் பிறகுதான் செட்டிங். டீமேக் காம்பன்சேஷனை (அந்த மிச்சத் துடிப்பைச் சமாளிக்கும் செட்டிங்கை) லோவிலிருந்து ஹைக்கு மாற்றுங்கள். போதவில்லை என்றால் டைமிங்கை (அடுத்த கட்டத்துக்கு மாறும் நேரத்தை) மீடியத்திலிருந்து ஒரு படி ஏற்றுங்கள், அதாவது 15 டிகிரியிலிருந்து 22.5. பிஎல்ஹெலி எஸ்ஸில் ஸ்டார்ட்டப் பவரைச் சற்றுக் குறைப்பதும் உதவும். மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது உதவியது என்று தெரியாது. பேட்டரி பேடில் லோ ஈஎஸ்ஆர் (உள்மின்தடை குறைந்த) கெபாசிட்டர் இல்லாமல் பறக்கிறீர்கள் என்றால் முதலில் அதைப் போடுங்கள்: 4எஸ் (நான்கு செல்) பேட்டரிக்கு 35 வோல்ட், 6எஸ்ஸுக்கு 50 வோல்ட், 470 முதல் 1000 மைக்ரோஃபாரட், கால்கள் முடிந்தவரை குட்டையாக.

ஆர்பிஎம் ஃபில்டரில் (மோட்டார் வேகத்தை வைத்து அதிர்வை வெட்டும் வடிகட்டி) மோட்டார் போல் (காந்த முனை) எண்ணிக்கை 14 என்று இருக்கிறது. அப்படியே விடலாமா?

மோட்டாரின் மேல்மூடிக்குள் ஒட்டியிருக்கும் காந்தங்களை எண்ணுங்கள், கம்பி சுற்றிய பற்களை அல்ல. 5 அங்குல மோட்டார்களில் வழக்கமாக 14 காந்தம், 12 பல். ஈஎஸ்சி அனுப்புவது மின்சுழற்சி எண்ணிக்கை. அதை 7 ஜோடியால் வகுத்தால்தான் உண்மையான வேகம் வரும். 12 காந்தம் உள்ள சிறிய மோட்டாருக்கு 14 என்றே விட்டால் ஃபில்டர் தப்பான அதிர்வெண்ணை வெட்டிக்கொண்டிருக்கும்.

விமானத்துக்கு வாங்கிய ஈஎஸ்சியை குவாட்டில் போடலாமா? (யாழ்ப்பாணம்)

கற்றுக்கொள்ள என்றால் போடலாம், மூன்று செட்டிங்கை மாற்றிய பிறகு. பிரேக்கை அணையுங்கள். சாஃப்ட் ஸ்டார்ட்டை எடுத்துவிடுங்கள். முக்கியமானது, பேட்டரி இறங்கினால் மோட்டாரை நிறுத்தும் லோ வோல்டேஜ் கட்டோஃப்: விமானத்தில் மோட்டார் நின்றால் மிதந்து இறங்கலாம், குவாட்டில் ஒரு மோட்டார் நின்றாலே கதை முடிந்தது. புரோகிராம் கார்டில் பேட்டரி வகையை நிக்கல் என்று வைத்து கட்டோஃப் அளவை அடிமட்டத்துக்கு இறக்குவது பழைய வழக்கம். பேட்டரியைக் கவனிக்கும் வேலை ஃபிளைட் கன்ட்ரோலருடையது. எல்லாம் செய்தாலும் அந்த ஈஎஸ்சி சிக்னலுக்கு மெதுவாகத்தான் பதில் சொல்லும், சின்ன ஃபிரேமில் தள்ளாட்டம் இருக்கும்.

மருந்து தெளிக்கும் ஹெக்ஸாவில் (ஆறு மோட்டார் ட்ரோனில்) ஒரு கையின் ஈஎஸ்சியை மாற்றினோம். காலிப்ரேஷன் எடுக்கவே மாட்டேன் என்கிறது சார். (தஞ்சாவூர்)

அந்தப் பெரிய மோட்டாரோடு சேர்ந்து வரும் ஈஎஸ்சிகள் பலவற்றில் த்ராட்டில் எல்லை தொழிற்சாலையிலேயே நிரந்தரமாக வைக்கப்பட்டது, 1100 முதல் 1940 மைக்ரோநொடி மாதிரி. அவற்றுக்குக் கற்றுக்கொடுக்க முடியாது, நாம்தான் ஒத்துப்போக வேண்டும். கையேட்டில் உள்ள எண்களை ஆர்டுபைலட்டில் மோட்டார் பிடபிள்யூஎம் மின், மேக்ஸ் இரண்டிலும் எழுதுங்கள். ஆறு கையிலும் ஒரே மாடல்தானா என்றும் பாருங்கள். கனெக்டரைக் கழற்றியபோது பின்னில் பச்சை படிந்திருந்ததா? மருந்துத் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது, அப்படியென்றால் அடுத்த கையும் சீக்கிரம் வரும்.

பிஎல்ஹெலி 32 நிறுத்திவிட்டார்களாமே, என் போர்டு வீணா? (கோலாலம்பூர்)

வீணில்லை. 2024-இல் அதன் உரிமம் வழங்குவது நின்றுவிட்டது, மூலநிரலும் மூடியது, ஆகவே புதிய பதிப்பை எதிர்பார்க்க வேண்டாம். இப்போது ஓடும் போர்டு ஓடிக்கொண்டேதான் இருக்கும். புதிதாக வாங்கினால் ஏஎம்32 போட்டு வருவதை வாங்குங்கள், அது திறந்த மூலம். இருக்கும் போர்டையே மாற்ற வேண்டுமானால் எஸ்டி-லிங்க் புரோகிராமரை போர்டிலுள்ள நுண்ணிய பேட்களில் பிடித்து, பூட்டிய பூட்லோடரை அழித்துத்தான் ஏற்ற முடியும். அழித்தபின் பழையதற்குத் திரும்ப வழியில்லை. நன்றாகப் பறக்கும் குவாட்டில் இதைச் செய்யச் சொல்ல மாட்டேன்.

சோளக்காட்டில் விழுந்தால் கண்டுபிடிக்க மோட்டாரையே கத்தவைக்கலாமாமே?

ஆம். பீடாஃப்ளைட்டின் டிஷாட் பீக்கனை ஆன் செய்து, ரிமோட்டில் ஒரு சுவிட்சும் சிக்னல் இழப்பும் அதைத் தூண்டும்படி வையுங்கள். பீக்கன் சத்த அளவை மிக அதிகமாக வைத்தால் சுருள் சூடாகும், நடு அளவு போதும். விழுந்த வேகத்தில் பேட்டரி தெறித்துவிட்டால் இது கத்தாது. அதற்குத் தனி பேட்டரி உள்ள பஸ்ஸரை வாங்கி ஒட்டிவிடுங்கள்.