கைவினை நகை விற்று மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வுக்கு நிதி திரட்ட முடியுமா?

கேட்டவர், வீட்டிலிருந்தே கம்மல், வளையல் செய்வதாகவும், மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு மாதமான அக்டோபரில் அவற்றை விற்று அதற்காக நிதி கொடுக்க ஆசை என்றும், எங்கிருந்து தொடங்குவது என்றும் எழுதியிருக்கிறார்.

தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் நகையோடு வரும் அட்டையில் "லாபத்தில் ஒரு பகுதி புற்றுநோயாளிகளுக்கு" என்று மட்டும் எழுதாதீர்கள். அந்த வரியைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எவ்வளவு லாபம்? அதில் எந்தப் பகுதி? எந்த நோயாளி? ஐந்து பைசா கொடுத்தாலும் அது பொய்யில்லை. லாபமே வரவில்லை என்று கையை விரித்தாலும் பொய்யில்லை. அப்படி ஒரு வரியை நம்பி ஒருத்தி பர்ஸைத் திறக்க வேண்டுமா?

நான் திருச்சியில் டெரகோட்டா, அதாவது சுடுமண் நகை செய்கிறேன். என் அட்டையில் இருப்பது இதுதான்: "இந்த நகையின் விலையில் 30 ரூபாய் சிகிச்சைக்கு வரும் பெண்களின் பயணச் செலவுக்கு." லாபமோ நஷ்டமோ, ஒரு ஜோடி விற்றால் முப்பது ரூபாய் தனி டப்பாவுக்குப் போய்விடும். நடுத்தர ஜிமிக்கி 180 ரூபாய். மண்ணுக்குப் பெரிய செலவில்லை. கொக்கி, மணி, அக்ரிலிக் பெயின்ட், வார்னிஷ், அட்டை, டப்பா, சுடுவதற்கான வறட்டி எல்லாம் சேர்த்து ஐம்பதுக்குள் முடித்துவிடுவேன். முப்பது நிதிக்கு. மிச்சம் நூறு என் கூலி.

இந்த நூறைப் பற்றிக் கீழே கமென்ட் போட யாராவது வருவார்கள், தெரியும். "சேவைன்னு சொல்லிட்டு நீ நூறு எடுத்துக்கிறியா?" என்று ஒரு கல்லூரி வளாகத்திலேயே என்னைக் கேட்டார்கள். மண்ணை ஊற வைத்து, சலித்து, கல் பொறுக்கி, பிசைந்து, உருட்டி, நிழலில் காய வைத்து, சுட்டு, வர்ணம் அடித்து முடிக்கும் வேலைக்கு நூறு ரூபாய் அதிகமா? புற்றுநோய் டாக்டர் சம்பளம் வாங்குகிறார், ஆம்புலன்ஸ் ஓட்டுபவர் வாங்குகிறார். கம்மல் செய்பவள் மட்டும் தர்மத்துக்கு உழைக்க வேண்டுமாம். முழுப் பணத்தையும் கொடுக்க உங்களுக்கு வசதி இருந்தால் கொடுங்கள், கையெடுத்துக் கும்பிடுகிறேன். எனக்கு அந்த வசதி இல்லை. அதனால்தான் கணக்கை அட்டையிலேயே எழுதிவிடுகிறேன்.

பயணச் செலவுக்கு என்று ஏன் பிரித்தேன் என்பதற்கு என் சித்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். லால்குடி பக்கம் ஒரு கிராமம். மார்பில் கட்டி இருப்பது அவருக்கு முன்பே தெரியும். பொங்கலுக்குத் தெரிந்ததை ஆடி மாதம் வரை யாரிடமும் சொல்லவில்லை. ஏன் சித்தி என்று கேட்டதற்கு, "வலிக்கவே இல்லையேடி, வலிச்சாத்தானே வியாதி" என்றார். மார்பகப் புற்றுநோய்க் கட்டி பெரும்பாலும் ஆரம்பத்தில் வலிப்பதில்லை. வலிக்காததுதான் அதில் ஆபத்தே. சித்தியின் ஊரில் ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. முப்பது வயது தாண்டிய பெண்களுக்கு அங்கே இலவசமாகப் பார்க்கிறார்கள். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாதாமாதம் அங்கே போய் மாத்திரை வாங்கிக்கொண்டு வந்தவர்தான் இதை மட்டும் சொல்லாமல் வந்திருக்கிறார்.

அறுவை சிகிச்சை, கீமோ எல்லாம் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் நடந்தது. அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் காப்பீட்டு அட்டை ஆஸ்பத்திரி வாசல் வரை வராது. மூன்று வாரத்துக்கு ஒரு கீமோ. அது முடிந்து கதிர்வீச்சு என்றால் வாரத்தில் ஐந்து நாள், மூன்று வாரம், தினமும் போக வேண்டும். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. துணைக்குப் போகும் சித்தப்பாவுக்கு உண்டு. அவர் கூலி வேலை பார்ப்பவர், அந்த மூன்று வாரமும் வேலை இல்லை. கீமோ போட்ட உடம்போடு கூட்ட பஸ்ஸில் நிற்க முடியாமல் திரும்பும்போது ஆட்டோ. சாப்பாடு, இளநீர், டீ. சித்தி ஒருமுறை, "போதும்டி, கட்டிதான் எடுத்தாச்சே, இனிமே எதுக்குக் கரன்ட்டு" என்று கதிர்வீச்சுக்குப் போகாமல் நின்றுவிடப் பார்த்தார். பயமெல்லாம் காரணமில்லை, கையில் காசு இல்லை, அவ்வளவுதான். இப்படிப் பாதியில் நிற்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. பெரிய ஆஸ்பத்திரிகளில் இருக்கும் சமூகப் பணியாளரைக் கேட்டுப் பாருங்கள், யாருக்கு என்ன தேவை என்று அவர்களுக்குத் துல்லியமாகத் தெரியும். "புற்றுநோய் ஒழிப்பு" என்று வானத்தைப் பார்த்துக் கொடுப்பதைவிட, "இந்த அம்மாவுக்கு மூன்று வார ஆட்டோ" என்று கொடுப்பது என் கை அளவுக்குச் சரியாக இருக்கிறது. உங்கள் கை பெரிதாக இருந்தால் பெரிதாகவே செய்யுங்கள்.

இனி வளையல் விஷயம். நீங்கள் வளையல் செய்வதாக எழுதியதால்தான் நான் பதில் எழுதவே உட்கார்ந்தேன்.

எங்கள் ஊரில் ஒரு சங்கம், பெயர் வேண்டாம், அக்டோபர் விழாவுக்கு என்னிடம் இருநூறு செட் பிங்க் வளையல் கேட்டார்கள். மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வின் சின்னமான பிங்க் ரிப்பன் படம் போட்டு, சிகிச்சை முடித்த பெண்களை மேடைக்கு வரவழைத்துக் கையில் போட்டுவிடப் போகிறார்களாம். எனக்கு அப்போது வந்த ஆர்டர்களில் அதுதான் பெரியது. நான் முடியாது என்றேன். இந்த அறுவை சிகிச்சையில் பலருக்கும் அக்குளில் இருக்கும் நிணநீர் முடிச்சுகளையும் சேர்த்து எடுப்பார்கள். எடுத்த பிறகு அந்தக் கையில் நீர் சரியாக வடியாது. சிலருக்குக் கை வீங்கும், வருடங்கள் கழித்துக்கூட வீங்கும். அதனால் அந்தக் கையில் இறுக்கமான வளையல், மோதிரம் வேண்டாம், முடிந்தால் ஊசியும் பிரஷர் பார்ப்பதும் மறு கையில் இருக்கட்டும் என்று சொல்லித்தான் வீட்டுக்கு அனுப்புவார்கள். என் சித்தி கல்யாணத்தன்று போட்ட தங்க வளையலை இடக்கையிலிருந்து சோப்புப் போட்டுக் கழற்றினார், பிறகு அந்தக் கைக்கு எதுவுமே ஏறவில்லை.

இதை அந்தச் சங்கத்துப் பெண்மணியிடம் விளக்கினேன். "மேடம், கம்மல் தரேன், அதே விலைக்குத் தரேன்" என்றேன். "கம்மல் போட்டோவில் தெரியாதும்மா" என்றார். வேறு இடத்தில் பிளாஸ்டிக் வளையல் வாங்கிக்கொண்டார்கள். விழாவுக்கு நான் போகவில்லை, படங்கள் வாட்ஸாப்பில் வந்தன. பாதிப் பேர் வளையலைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

ஆகவே, சிகிச்சை முடித்தவர்களுக்குக் கொடுப்பதாக இருந்தால் கம்மல் செய்யுங்கள், எடை குறைந்ததாக. கீமோ ஏற்ற சிலருக்குக் காறை எலும்புக்குக் கீழே தோலுக்குள் ஒரு சின்னக் கருவி வைத்திருப்பார்கள். கனமான மாலை அதன் மேல் அழுத்தும். கொக்கி நிக்கல் கலக்காததாக இருக்கட்டும். சிகிச்சையில் இருப்பவர்களின் தோல் சும்மாவே அரிக்கும். மற்றவர்களுக்கு விற்க வளையல் தாராளமாகச் செய்யலாம், அதில் ஒன்றும் தப்பில்லை.

பிங்க் ரிப்பன் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்த நிறமே வியாபாரத்தில் வந்ததுதான். அமெரிக்காவில் சார்லட் ஹேலி என்று ஒரு பெண்மணி; அவர் பாட்டி, சகோதரி, மகள் மூவருக்கும் மார்பகப் புற்றுநோய். அவர் வீட்டில் உட்கார்ந்து கையாலேயே பீச் நிற ரிப்பன்கள் செய்தார். ஐந்து ரிப்பனை ஒரு அட்டையோடு வைத்துக் கொடுப்பார். தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் ஆண்டு பட்ஜெட் 180 கோடி டாலர், அதில் தடுப்புக்கு வெறும் 5 சதவீதம் என்று அந்த அட்டையில் இருக்கும். 1992-இல் 'செல்ஃப்' பத்திரிகையும் எஸ்டீ லாடர் அழகுசாதன நிறுவனமும் அந்த ரிப்பனைக் கேட்டன. ரொம்ப வணிகமாகிவிடும் என்று அவர் மறுத்தார். வக்கீலைக் கேட்டார்கள், நிறத்தை மாற்றிக்கொள்ளுங்கள் என்றார். பிங்க் வந்தது. பீச் ரிப்பனையும் அதோடு இருந்த அட்டையையும் இன்று யாருக்கும் தெரியாது. பிங்க் செய்யாதீர்கள் என்று சொல்ல வரவில்லை, எனக்கும் அந்த மாதம் பிங்க்தான் அதிகம் ஓடுகிறது. அந்த அம்மாவின் அட்டையை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன்.

கம்மல் குத்தும் அட்டை இருக்கிறதல்லவா, அதன் பின்பக்கம் சும்மாதான் கிடக்கும். அங்கே தமிழில் அச்சடித்திருக்கிறேன்: வலிக்காத கட்டி, அக்குளில் கட்டி, காம்பு உள்ளே இழுத்திருப்பது, காம்பில் ரத்தமோ நீரோ வருவது, தோல் ஆரஞ்சுத் தோல் போலக் குழி விழுவது. எது இருந்தாலும் டாக்டரிடம் காட்டுங்கள், முப்பது தாண்டியவர்கள் அரசு சுகாதார நிலையத்தில் இலவசமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்றும் போட்டிருக்கிறேன். இதை ஒரு நர்ஸம்மாவிடம் காட்டித் திருத்தி வாங்கினேன், நீங்களும் அப்படியே செய்யுங்கள். நாமாக மஞ்சள், கற்றாழை என்று வைத்தியம் எழுதக் கூடாது.

"கையால் தொட்டுப் பார்த்தால் என்ன தெரியும், மேமோகிராம்தானே எடுக்கணும்" என்று ஒருவர் ஸ்டாலில் என்னிடம் வாதாடினார். மேமோகிராம் என்பது மார்பை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது. மும்பையில் டாடா மெமோரியல் புற்றுநோய் ஆஸ்பத்திரி ஆட்கள் ஒன்றரை லட்சம் பெண்களை வைத்து இருபது வருடம் ஓர் ஆய்வு செய்து 2021-இல் வெளியிட்டார்கள். பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கையால் பரிசோதித்ததில், ஐம்பது வயதும் அதற்கு மேலும் ஆன பெண்களிடம் மார்பகப் புற்றுநோய் இறப்பு ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்திருந்தது. ஐம்பதுக்குக் கீழே அப்படிக் குறையவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். மேமோகிராம் வசதி இருந்தால் டாக்டர் சொல்கிற வயதில் எடுங்கள். என் சித்தி ஊரில் அந்த மெஷின் கிடையாது, நர்ஸ் இருக்கிறார்.

ஸ்டால் போடுவதைப் பற்றியும் கேட்டிருப்பீர்கள், கேட்காவிட்டாலும் சொல்வேன். கண்காட்சி நடத்துகிறவர்கள் படுத்தும் பாடு இருக்கிறதே! மேஜை வாடகை ஒன்று, மின்சாரத்துக்குத் தனி, நாற்காலி ஒன்றுக்கு மேல் வேண்டுமென்றால் தனி. "நிதி திரட்டும் ஸ்டாலுக்குச் சலுகை" என்று போனில் சொல்வார்கள், போனதும் பஜ்ஜிக் கடைக்கும் ஜெனரேட்டருக்கும் நடுவில் இடம் கொடுப்பார்கள். எண்ணெய்ப் புகை படிந்த வெள்ளைக் கம்மலை எவள் வாங்குவாள்? பத்து மணிக்குத் திறப்பு என்பார்கள், குத்துவிளக்கேற்ற வருகிற சிறப்பு விருந்தினர் பன்னிரண்டுக்கு வருவார். அதுவரை பிசினஸ் செய்யக் கூடாது. அப்புறம் அவர் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு நம் கடையிலிருந்து ஒரு ஜோடியை "அன்பளிப்பாக" எடுத்துக்கொண்டு போவார். அதற்கும் நான் டப்பாவில் முப்பது ரூபாய் போட்டேன். இதெல்லாம் உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனால் வாடகையைக் கணக்கில் சேர்க்காமல் விலை வைத்துவிடாதீர்கள்.

எனக்கு அதிகம் விற்பது பெண்கள் கல்லூரி, பள்ளிக்கூட ஆசிரியர் அறை, பிறகு வாட்ஸாப் ஸ்டேட்டஸ். ஆசிரியர் அறை ரொம்ப நல்ல இடம். கதவைச் சாத்திக்கொண்டு பேசுவார்கள். ஒரு டீச்சர் எல்லோரும் போன பிறகு என்னிடம் வந்து, இங்கே ஓர் உருண்டை மாதிரி இருக்கிறது என்று சொன்னார். நான் தொட்டுப் பார்க்கவில்லை, கருத்தும் சொல்லவில்லை. பெரும்பாலான கட்டிகள் புற்றுநோய் இல்லை, ஆனால் நாளைக்கே காட்டிவிடுங்கள் என்று மட்டும் சொல்லி அட்டையைக் கொடுத்தேன். என்ன ஆயிற்று என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பண விஷயத்தில் கறாராக இருங்கள். எந்த ஆஸ்பத்திரி, அறக்கட்டளை பெயரையும் எழுத்துப்பூர்வமான அனுமதி இல்லாமல் அட்டையில் போடாதீர்கள். கொடுக்கும்போது வங்கி வழியாகக் கொடுத்து ரசீது வாங்குங்கள். ரசீதை நான் ஸ்டேட்டஸில் போட்டுவிடுவேன், நோயாளியின் படத்தைப் போடவே மாட்டேன். ஒருவர் ஜிமிக்கி வாங்கிவிட்டு, நன்கொடைக்கு வருமான வரிச்சலுகை வாங்கித் தரும் 80ஜி ரசீது கேட்டார்! அவர் வாங்கியது பொருள், நன்கொடை இல்லை, அதனால் வரிச்சலுகை கிடையாது. வரிச்சலுகை வேண்டும் என்பவரை அறக்கட்டளைக்கே நேராகக் கொடுக்கச் சொல்லுங்கள், 2000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அதுவும் செல்லாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

கடைசியாக, டெரகோட்டா செய்வதாக இருந்தால் அக்டோபருக்கு அக்டோபரில் செய்யலாம் என்று உட்காராதீர்கள். அமெரிக்காக்காரர்கள் அந்த மாதத்தை முடிவு செய்தபோது நம் வடகிழக்குப் பருவமழையை யோசித்திருக்க மாட்டார்கள். மழையில் மண் காயாது, உள்ளே ஈரம் இருந்தால் சூளையில் வெடிக்கும், ஒன்று வெடித்தால் பக்கத்தில் இருப்பதையும் உடைக்கும். ஆவணிக்குள் சுட்டு முடித்து டப்பாவில் போட்டுவிடுங்கள். வர்ணத்தை மழைக்காலத்தில் வீட்டுக்குள் உட்கார்ந்து அடித்துக்கொள்ளலாம், காய்வதற்கு ஒரு நாள் கூடுதலாகும், அவ்வளவுதான்.